சிரிப்பை நிறுத்தச் சொன்ன சீட்டு

எனக்குப் பேய் பயம் இருந்ததில்லை. இருட்டும் என்னை ஒன்றும் செய்யாது. நான் நடுங்கியது சிரிப்புக்கு. அதுவும் பட்டப்பகலில், கீழ்க்கட்டளையில், மூன்றாவது மாடியில் எங்கள் படுக்கையறையிலிருந்து வந்த சிரிப்புக்கு.

அம்மா அங்கே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஓர் அமெரிக்க நகைச்சுவைத் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதிக்கொண்டிருந்தாள். டப்பிங் கம்பெனி கொடுத்த வேலை. திரையில் ஒரு சோபா, நாலு பேர். யாராவது வாயைத் திறந்தால் போதும், நூறு பேர் கொல்லென்று சிரிப்பார்கள். அந்த நூறு பேரில் ஒருவர் முகமும் தெரியாது. ஜோக் பிடிபடும்வரை அம்மா அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவாள். சிரிப்பும் திரும்பத் திரும்ப வரும். ஒருநாள் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

“யாரும்மா சிரிக்கிறது?”

“அது பழைய ரெக்கார்டிங்டி. எப்பவோ சிரிச்சத எடுத்து ஒட்டுவாங்க. அதுல பாதி பேரு இந்நேரம் செத்தே போயிருப்பாங்க. போ, போய் ஹோம்வொர்க் பண்ணு.”

ஹோம்வொர்க்காவது ஒன்றாவது! செத்தவர்கள் அல்லவா எங்கள் வீட்டில் சிரிக்கிறார்கள்! அன்றிலிருந்து அந்த அறை வாசலைக் காதைப் பொத்திக்கொண்டு ஓடியே கடந்தேன்.

எங்கள் சர்ச் வாசலில் ஜெபக் குறிப்புப் பெட்டி உண்டு. வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம். மாதத்தின் முதல் ஞாயிறு பாஸ்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் படிப்பார், சபை ஆமென் சொல்லும். நான் ரஃப் நோட்டில் கிழித்து எழுதிப் போட்டேன்: ‘ஏசப்பா, எங்க வீட்ல செத்தவங்க சிரிக்கிறாங்க. நிறுத்துங்க.’

அந்த வாரமே நின்றது. “சீரியல் முடிஞ்சிருச்சுங்க. இனிமே வேலை இல்ல,” என்று அம்மா அப்பாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பாவின் கம்பெனியை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. பாஸ்டர் திறப்பதற்கு முன்பே ஆண்டவர் படித்துவிட்டார்! அம்மாவின் வேலைக்கு உலை வைத்தது நான்தான். பெட்டியில் என் கோணல் கையெழுத்து வேறு சாட்சியாகக் கிடக்கிறது.

முதல் ஞாயிறு வந்தது. காய்ச்சல் என்றேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டு போனாள். பாஸ்டர் நாலைந்து சீட்டுக்குப் பிறகு என்னுடையதைப் பிரித்துப் படித்தார். சபையே சிரித்தது. நான் பெஞ்சோடு ஒட்டிப்போனேன். அம்மா குனிந்து என்னைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள், செத்தேன் என்று நினைத்தேன். அவளோ சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பாஸ்டர் அடுத்த சீட்டைப் பிரித்தார். “ஆண்டவரே, பதிமூணும் முடியறதுக்குள்ள எனக்கு வேற ஒரு வேலை குடுங்க.”

சட்டென்று அம்மாவின் பிடி இறுகியது. விரல் வலித்தது. என் சீட்டுதான் தாண்டிவிட்டதே, இனி எதற்கு என்று புரியவில்லை.

அந்தத் தொடர் மொத்தமே பதின்மூன்று பாகம்தான் என்பதும், பார்க்க ஆளில்லாமல் அமெரிக்காவில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள் என்பதும், அம்மாவுக்கு அது முதல் நாளே தெரியும் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு, பாவம், யாரோ வேலை கேட்கிறார்கள் என்று நினைத்தேன். தப்பித்த சந்தோஷத்தில், சபையிலேயே சத்தமாக ஆமென் சொன்னேன்.