வாசம் மட்டும் தெரிந்த கோழி

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பச்சை பிளாஸ்டிக் மக் கிடக்கிறது. ஒரு பக்கம் உருகி, உள்ளே மடிந்து, அப்படியே இறுகிவிட்டது. கைப்பிடியில் பாதிதான் மிச்சம். தண்ணீர் மொண்டால் தூக்குவதற்குள் ஒழுகிவிடும். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். ராத்தாவின் மகள், நோன்புக்கு முன்னால் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும்போதெல்லாம் இதைக் குப்பைக் கூடையில் போடுவாள். நான் எடுத்து மறுபடி தொட்டிக்குப் பக்கத்தில் வைப்பேன். "இதுல என்னா இருக்குன்னு வச்சுக் காப்பாத்துறீங்க சாச்சி?" என்று சின்னம்மாவான என்னைக் கேட்பாள். "உங்க வாப்பாவோட மூக்கு இருக்கு" என்பேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துப் போய்விடுவாள். கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை.

அவளுடைய வாப்பா எனக்கு மச்சான். அதிராம்பட்டினத்தில் எங்கள் ஆட்களிடையே வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவார். எங்கள் வாப்பா இரண்டு பெண்களுக்கும் ஒட்டினாற்போல இரண்டு வீடு கட்டி, மாடியை மட்டும் பொதுவாக விட்டுவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை என்றால் சும்மாவா? உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு போகும், கை கழுவத் தண்ணீர் போகும். அவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தால் அது வீட்டுக்கே குறைச்சல். உம்மா மருமகனிடம் நேருக்கு நேர் பேசவே மாட்டார். அவர் கூடத்தில் சாப்பிடுவார், உம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு துண்டு மீன் வைக்கவான்னு கேளு" என்று ராத்தாவிடம் சொல்வார். அது அவர் காதில் நன்றாகவே விழும். இருந்தாலும் ராத்தா அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் "போதும்" என்பார். அந்தப் "போதும்" மறுபடி ராத்தா வழியாகக் கதவுக்குப் பின்னால் போய்ச் சேர வேண்டும். எனக்குச் சிரிப்பு தாங்காது.

வீட்டுக்கு வீடு ஓர் ஆள் வளைகுடாவில் இருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். மச்சான் மட்டும் எந்த ஏஜெண்ட் பேச்சைக் கேட்டாரோ, கொரியாவுக்குப் போனார். வாளி, கூடை, மக் என்று பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை. நடுவில் ஒரே ஒரு முறை விடுமுறையில் வந்துபோனார், பிறகு அந்தத் தொழிற்சாலையை மூடிய வருஷம் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறந்தால் ராத்தாவுக்குப் பூப்போட்ட கம்பளி. மார்கழியிலும் வியர்க்கிற ஊரில் கம்பளி! எனக்கு ஒரு குடை. அவருக்கென்று கொண்டுவந்தது ஒரே ஒரு பெரிய கத்தரிக்கோல். தைக்கப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். கறி வெட்டவாம். அவருடைய சட்டைகளை ராத்தா சோடா உப்பில் ஊறப்போட்டு ஊறப்போட்டுத் துவைத்தாள்.

அந்தக் கத்தரிக்கோலில்தான் கதை ஆரம்பித்தது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் தொழிற்சாலை கேன்டீன் வாசலில் கரி மூட்டிக் கோழி வாட்டுவார்களாம். கேன்டீனை நடத்தியவர் வயதான ஒரு பெண்மணி. மச்சான் அவரை அஜும்மா என்பார். அங்கே மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பேரிக்காயைத் துருவி, பூண்டும் இஞ்சியும் இடித்துப் போட்டு, சோயா சாஸும் எள்ளெண்ணெயும் ஊற்றி, சிவப்பு மிளகாய் விழுதில் கோழியைப் புரட்டி ஊறவைத்து, கம்பி வலையில் போட்டு வாட்டி, சுடச்சுடக் கத்தரிக்கோலால் நறுக்கி அவரவர் தட்டில் போடுவார் அஜும்மா. மச்சான் தட்டிலும் போடுவார். அது பிஸ்மி சொல்லி அறுத்த கோழி இல்லை, போதாததற்கு ஊறவைக்கும்போது அரிசி மது வேறு ஊற்றுவார்கள். மச்சான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவித்த முட்டையையும் சோற்றையும் தின்பார். இப்படியே எத்தனையோ சனிக்கிழமை. வாசம் மட்டும் மூக்குக்குள் போய்க்கொண்டிருந்தது, கோழி ஒரு துணுக்குகூட வாய்க்குள் போனதில்லை.

மனிதர் ஆசையை அடக்கியதில் ஒரு பெருமையும் இல்லை என்பார். அவரை அறுத்தது வேறு. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய், வைத்ததைத் தொடாமல் எழுந்தால் அது பகை. தெரியாத ஆள் வீடாக இருந்தாலும் ஒரு வாய் அள்ளிப் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அப்படி வளர்ந்த ஆள், உம்மா வயதிலிருந்த ஒருத்தி ஆசையாக வைத்த தட்டை வாராவாரம் கையால் தள்ளியிருக்கிறார். காரணம் சொல்லப் பாஷை தெரியாது. தன் கை சமையல் இந்தப் பையனுக்கு அருவருப்பு என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டு, ஒருநாள் அவருக்குத் தட்டு வைப்பதையே நிறுத்திவிட்டார். நாலு வார்த்தை பேசக் கற்ற பிறகு மச்சான் போய் விளக்கினார். அன்றிலிருந்து அவருக்கென்று தனிச் சட்டியில் மீன் வந்தது. ஊருக்குக் கிளம்பும் நாளில் அந்த அம்மா சொன்னாராம்: உங்க முறைப்படி அறுத்து, என் முறைப்படி ஆக்கித் தின்னுட்டு, எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு. சொல்கிறேன் என்று மச்சான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

வந்ததும் மாடியில் வேலை ஆரம்பமானது. இரும்புக் கேட் செய்கிற பட்டறையில் ஒரு டிரம்மைப் பாதியாக அறுத்து வாங்கினார், மேலே போடக் கம்பி வலை. கருவேலங்கரி ஒரு சாக்கு. சோயா சாஸுக்கும் பேரிக்காய்க்கும் தஞ்சாவூர் வரை பஸ்ஸில் போய் வந்தார். அங்கத்து மிளகாய் விழுதுக்கு எங்கே போவது? வற்றல் மிளகாயை ஊறவைத்து அரைத்து, பச்சரிசிக் கஞ்சியில் கலந்து, கருப்பட்டிப் பாகு விட்டு, ஜாடியில் வெயில் காட்டி வைத்தார். தொடைக்கறியில் எலும்பை எடுத்துத் தரச் சொன்னபோது கறிக்கடைக்காரர், "வீட்ல யாருக்கும் பல்லு கொட்டிப்போச்சாங்க?" என்று கேட்டாராம். எல்லாம் சேர்த்து முதல் சனிக்கிழமை வாட்டினார். மாடி முழுக்கப் புகை. எங்களுக்கெல்லாம் நாக்கு ஊறியது. மச்சான் வலைக்கு மேல் குனிந்து கண்ணை மூடி மோந்து பார்த்தார், பிறகு தட்டை எங்கள் பக்கம் நகர்த்திவிட்டார்.

"ஏன், நீங்க தின்னலியா மச்சான்?"

"அந்த வாசம் வரல. இது வேற கோழி. வேற கோழியத் தின்னுட்டு அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

நல்ல வேற கோழி! நாங்கள் விரலை நக்கி நக்கித் தின்றோம். அடுத்த வாரமும் அதே. பேரிக்காய்க்குப் பதில் கொய்யா போட்டுப் பார்த்தார், கருப்பட்டிக்குப் பதில் தேன். கருவேலங்கரி சரியில்லையோ என்று கொட்டாங்குச்சியில் மூட்டினார். கருகலாக, கருகாமல், தணலில், அனலில் என்று ஒன்றும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் எங்கள் வயிற்றுக்குள் போனது. எனக்கும் இப்போது அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அப்படி என்ன வாசம் அது? கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. "இதுதான், ஆனா இதுக்குப் பின்னாடி இன்னொன்னு இருக்கும். தொண்டையில போய் நிக்கும்" என்பார். நினைத்துப் பாருங்கள், ருசி தெரியாத ஒரு பண்டத்தை வாசத்தை வைத்துக்கொண்டே தேடுகிற ஆளை! நாங்கள் ருசி பார்த்துச் சொல்லலாம் என்றால், எங்களுக்கு அந்த வாசம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது.

பிறகுதான் அவருக்கு ஒரு பயம் வந்தது. அந்தப் பின்வாசம் அரிசி மதுவினுடையதாக இருந்தால்? அப்படியென்றால் இந்த ஜென்மத்துக்கும் அது கிடைக்காது, வாக்கும் போச்சு. நெல் விளைகிற சீமையில் பழையசோற்றுத் தண்ணீருக்கா பஞ்சம்? நீராகாரத்தைப் புளிக்கவைத்து ஊற்றிப் பார்த்தார். இளநீர், காடி, எதற்கும் அந்த வாசம் மசியவில்லை. மனிதர் முகம் தொங்கிப்போனது. எனக்குக் கிண்டல் செய்யவும் மனம் வரவில்லை.

இதற்குள் தெரு சும்மா இருக்குமா? அடுத்த வீட்டு மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஏன்டி, உங்க வீட்ல மாப்புளக்கி ஆக்கிப் போட ஆளில்லியா? பாவம், மாடியில அவரே அடுப்பு மூட்டிக்கிறாரு!" என்று கேட்டுவிட்டார். உம்மாவுக்கு மானம் போய்விட்டது. அன்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கொஞ்சம் ஓங்கியே வந்தது. "இந்த வாரத்தோட நிறுத்திக்கச் சொல்லு. ஊர் காறித் துப்புது. அவருக்கு என்னா வேணுமோ சொல்லட்டும், நான் ஆக்கித் தர்றேன்." ராத்தா அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தாள். "கேட்டுச்சு" என்றார் மச்சான். முறைப்படி காத்திருக்காமல் அவர் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவ்வளவு நொந்துபோயிருந்தார்.

கடைசிச் சனிக்கிழமை. அஸர் தொழுகைக்காக மாடித் தொட்டியிலேயே கை கால் முகம் கழுவி ஒளூச் செய்துவிட்டு, பச்சை மக்கை டிரம்மை ஒட்டிக் கீழே வைத்துவிட்டார். தொழுதுவிட்டு வந்து கோழியை வலையில் பரப்பினார். முதல் வாரம் செய்தது போலவே பேரிக்காய், கருப்பட்டி, கருவேலங்கரி. புதிதாக எதையும் போட்டுப் பார்க்கும் தெம்பு அவரிடம் இல்லை. நானும் ராத்தாவும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். டிரம் பழுக்கக் காய்ந்து, மக் சாய்ந்து அதில் ஒட்டிக்கொண்டது. கருகல் நாற்றம் குப்பென்று வந்தது. "அய்யய்ய, மக் உருகுது!" என்று ஓடினேன்.

"எடுக்காத! எடுக்காத!" என்று கத்தினார் மச்சான்.

கோழி திருப்பும் இடுக்கியோடு அப்படியே நின்றார். கண் மூடியிருந்தது. "இதுதான். அல்லாவே, இதுதான் அந்த வாசம்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ராத்தாவுக்குத்தான் முதலில் புரிந்தது. மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "இது உங்க சட்டையில வந்த வாசம்ங்க. எத்தன ஊறவச்சாலும் போகாதே, அதுதான் இது."

மச்சான் தன் கையை மோந்து பார்த்தார். நாள் முழுக்க உருகுகிற பிளாஸ்டிக்குக்கு முன்னால் நின்று, அதே சட்டையோடு, அதே தலைமுடியோடு வந்துதான் அந்தக் கேன்டீன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கோழி வாசம் என்று இத்தனை நாள் தேடியதில் பாதி அவர் மேலிலேயே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் வாசம். மதுவும் இல்லை, ஒன்றும் இல்லை. கோழி முதல் வாரமே சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரிக்கச் சிரிக்கவே அழுகை வந்துவிட்டது. அந்த வருஷங்களை அவர் எப்படிக் கழித்தார் என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை, அவரும் சொன்னதில்லை. ராத்தா தட்டை எடுத்துவந்து, அந்தக் கத்தரிக்கோலால் நறுக்கி அவர் முன்னால் வைத்தாள். பிஸ்மி சொல்லி ஒரு துண்டை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார்.

"எப்படிங்க இருக்கு?"

"இவ்வளவு நல்லாவா இருக்கும்? அடப்பாவிகளா, இத்தன வாரமா இதயா நீங்களே தின்னு தீத்தீங்க!"

மறுநாள் எங்கள் வீட்டு போனிலிருந்து கொரியாவுக்குப் பேசினார். தொழிற்சாலைதான் இல்லையே, எண் அந்த அம்மாவின் வீட்டு எண். எடுப்பார்களா என்று நாங்களும் போனைச் சுற்றி நின்றோம். எடுத்தார்கள். மச்சான் அந்தப் பாஷையில் பேசி அதுவரை நாங்கள் கேட்டதில்லை. குனிந்து குனிந்து பேசினார், போனில் யாருக்குத் தெரியப்போகிறது! ஒரு வார்த்தை புரியாமல் நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். மச்சான் தலையை ஆட்டினார், பிறகு ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

கதவு திறந்தது. உம்மா கூடத்துக்கே வந்துவிட்டார். "என்னா சொன்னாங்க மாப்புள?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார், ராத்தாவைப் பார்த்து அல்ல.

"'இப்பவாச்சும் பசியாறினியா'ன்னு கேட்டாங்க மாமி."

உம்மா முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுப்பு மாடியிலயே இருக்கட்டும். தெருவுல யாரு கேட்டாலும் நான் பேசிக்கிறேன்" என்றார்.

உம்மா காலமாகிவிட்டார். ராத்தா மகள் இப்போது தஞ்சாவூரில் வேலை பார்க்கிறாள். கொரிய நாடகங்களை ராப்பகலாகப் பார்த்து அவளுக்கும் நாலு வார்த்தை வருகிறது. "அஜும்மான்னு கூப்ட்டா இப்ப அங்க கோச்சுக்குவாங்க வாப்பா" என்று அவருக்கே பாடம் எடுக்கிறாள். போன மாதம் ஹலால் முத்திரை போட்ட மிளகாய் விழுது ஒரு டப்பாவும், புகையே வராத மின்சார அடுப்பு ஒன்றும் வாங்கிவந்து, மாடியில் கோழி வாட்டினாள். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொரோனாக் காய்ச்சலில் அவருக்கு மூக்கு போனது போனதுதான், அத்தர் பாட்டிலைத் திறந்து நீட்டினாலும் தெரியாது. ஒரு காலத்தில் ருசி தெரியாமல் வாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்த ஆள், இப்போது வாசம் தெரியாமல் மென்று முழுங்குகிறார்.

அவர் என் பக்கம் திரும்பி, "வாசம் எப்படி வருது?" என்று கேட்டார். "எல்லாம் நல்லா வருது மச்சான். பூண்டு வருது, எள்ளு வருது. உங்க மக் வாசம் மட்டும்தான் வரல" என்றேன்.

அவர் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த அந்தப் பச்சை மக்கைப் பார்த்தார்.

"அது எனக்கு வருது" என்றார்.