டாங்கிக்கு முடுக்கிய திருகாணி

நான் ராணுவ டாங்கி ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கோவில்பதாகையில் எங்கள் வீட்டின் தெருப்பக்க அறைதான் என் மனைவி ஸ்டெல்லாவின் ஸ்டுடியோ. இரண்டு பழைய சிந்தசைசர் கீபோர்டுகளை வைத்து, ஆலயத் திருவிழாப் பாட்டு ஒன்றுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், இந்த வயசுல ஊட்டம்மா கச்சேரி பண்ணிக்கினு கீறாங்க?" என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் கடைக்குப் போன நேரத்தில் பெரிய சிந்தசைசரின் அடிமூடியைத் திறந்து, வயலின் ஒலிகள் அடங்கிய எக்ஸ்பான்ஷன் போர்டைக் கழற்றி ஒளித்தேன். வயலின் இல்லாவிட்டால் அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

மாலையில் வயலின் வரவில்லை. மூடியைத் திறக்க அவள் மல்லுக்கட்டினாள்.

"டாங்கிக்கு முடுக்குற மாதிரி ஸ்க்ரூவ முடுக்கி வச்சிருக்கீங்களே! ஃபாக்டரி புத்தி போகலையா?"

நான் தலைகுனிந்து போர்டை நீட்டினேன்.

"நீங்களே வச்சிக்குங்க. இது இல்லன்னா நான் ஓஞ்சிடுவேனா?"

இரண்டு சிந்தசைசர்களையும் ஒரு கேபிளால் இணைத்தாள். ஒன்றில் புல்லாங்குழல், மற்றதில் ஆர்கன். ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒலித்தன. நான் அதுவரை கேட்டிராத குரல் அது.

திருவிழாவில் ஒலித்ததும் அதுதான். போர்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அவள் கேட்கவே இல்லை. இப்போது அவள் வாசிக்க உட்கார்ந்தால், எதிர்வீட்டைப் பார்த்த சன்னலை நான்தான் திறந்துவைக்கிறேன்.