தொப்பி தேடிய கேப்டனும் கதவைத் திறந்தவளும்

விமானப் பணிப்பெண்கள் அவளைக் கதவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிளம்புவதற்கு முன் மற்றவர்கள் கண்ணாடி பார்த்து உதட்டுச் சாயம் சரிசெய்துகொண்டிருக்க, அவள் ஒவ்வொரு கதவின் கைப்பிடியையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். லாரி ஓட்டியவரின் மகள். "ஆகாசத்துல டீ ஆத்துறவ" என்று லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி கேலி செய்வான். "நீ கட்டடத்துக்குள்ளயே மேலயும் கீழயும் போறவன். பேசாத" என்பாள்.

கேப்டனோடு அவளுக்குப் பல வருஷப் பழக்கம். பழக்கம் என்றாலும் அவருக்கு அவள் பெயர் தெரியாது. பெண்கள் எல்லோரும் அவருக்கு 'ஏம்மா'. மனிதருக்கு ஒரே பைத்தியம்: சக்கரம் தரையைத் தொட்டது யாருக்கும் தெரியக்கூடாது, பயணிகள் கைதட்ட வேண்டும். இறங்கியதும் விமானி அறைக்கு வெளியே வந்து நின்று, "எப்படிம்மா?" என்பார். "வெண்ணெய் மாதிரி சார்" என்று சொல்லாதவர்களுக்கு அடுத்த மாதம் முழுக்க விடியற்காலை டியூட்டிதான். எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

அன்றைக்கு நல்ல மழை. ஈரமான ஓடுபாதையில் சக்கரத்தைச் சட்டென்று அழுத்தி ஊன்ற வேண்டும், அப்போதுதான் பிரேக் பிடிக்கும். கேப்டனோ தரைக்குச் சற்று மேலே விமானத்தைத் தாலாட்டிக்கொண்டே போனார். முன்கதவருகே வார் மாட்டி உட்கார்ந்திருந்தவள் சின்ன ஜன்னல் வழியே பார்த்தாள். ஓடுபாதையோரத் தீயணைப்பு நிலையம் பின்னால் போனது. பயணிகள் கட்டடமும் போனது. சக்கரம் இன்னும் படவில்லை. உள்ளே துணை விமானி "சார்" என்றாராம். மேலே தூக்குங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவருக்கு வந்தது அந்த ஒரு சொல்தான்.

பூ விழுந்தது போலச் சக்கரம் பட்டது. பயணிகள் கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும் முன்பே ஓடுபாதை தீர்ந்துவிட்டது. வேலியைப் பிய்த்துக்கொண்டு போன விமானம் வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது.

விளக்குகள் அணைந்தன. இடது எஞ்சினிலிருந்து புகை. எல்லோரையும் வெளியேற்றும் உத்தரவைக் கேப்டன்தான் தர வேண்டும். வரவில்லை. அவள் விமானி அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். கேப்டன் குனிந்து கால்மாட்டில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

"சார், புகை வருது. எல்லாரையும் இறக்கவா?"

"பிரேக் பிடிக்கல. என் தொப்பி எங்க?"

அவள் துணை விமானியைப் பார்த்தாள். "இருங்க, சார் சொல்வார்" என்றார் அவர்.

அவள் திரும்பி வந்து வலப்பக்கக் கதவைத் திறந்தாள். பயணிகள் வழுக்கி இறங்கும் ரப்பர் சறுக்கு காற்று நிரம்பி விரிந்தது. பெட்டியை எடுக்க எம்பியவனின் கையைத் தட்டிவிட்டு, "பெட்டி கிடக்கட்டும், முதல்ல நீ போ" என்று தள்ளினாள். சறுக்கிய வேகத்தில் ஓர் ஆசிரியைக்குக் கணுக்கால் முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆள் அரவமெல்லாம் அடங்கிய பிறகு கேப்டன் இறங்கினார், தலையில் தொப்பியோடு. 'கடைசி ஆளாக இறங்கிய கடமை வீரர்' என்று அன்று மாலையே தொலைக்காட்சியில் ஓடியது.

விசாரணைக்கு முந்தைய நாள் அவர் போன் செய்தார்.

"ஏம்மா, உன் பேர் என்ன? சரி, இருக்கட்டும். நான் உத்தரவு கொடுத்த பிறகுதான் திறந்தேன்னு சொல்லிடு. கரண்ட் போனதும் நாம பேசறதைப் பதியற ரெக்கார்டர் நின்னுபோச்சு. உத்தரவு இல்லாம திறந்தேன்னா, அந்த டீச்சரம்மா கால் உன் தலையிலதான் விடியும். வேலை போயிடும். அது கிடக்கட்டும். இறங்கினது எப்படி இருந்துச்சு?"

அவள் போனை வைத்தாள். இந்தக் கேள்விக்குத் தீனி போட்டு வளர்த்தவர்களில் தானும் ஒருத்தி என்பது அவளுக்குக் கசந்தது.

"சொல்லிட்டுப் போயேன்க்கா" என்றான் தம்பி. "உனக்கென்ன குறைஞ்சிடும்?"

"லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா, மேனேஜரைக் கேட்டுட்டுத்தான் வெளிய எடுப்பியா?"

"கேக்கணும்னுதான் ரூல்."

"கேப்பியா?"

"அவர் போனை எடுக்கறதுக்குள்ள உள்ள இருக்கறவனுக்கு மூச்சு முட்டிடும்" என்றான்.

விசாரணை அறையில் கேப்டன் முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் துணை விமானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கேப்டன் உத்தரவு கொடுத்தாரா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார். தொப்பியைத் தேடிட்டிருந்தார்."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"அப்போ யார் சொல்லித் திறந்தீங்க?"

"யாரும் சொல்லல. நானா திறந்தேன்."

"டீச்சருக்குக் கால் உடைஞ்சிருக்கு. தெரியுமா?"

"தெரியும் சார். ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தேன். உள்ளயே உக்கார வெச்சிருந்தா கால் நல்லாத்தான் இருந்திருக்கும். மூச்சுதான் இருந்திருக்காது."

அதிகாரி துணை விமானியைப் பார்த்தார். அவர் கேப்டனைப் பார்த்தார். இப்போதும் சார் சொல்வார் என்று காத்திருந்தார் போலும்.

தீர்ப்பு வரும்வரை பறக்கக்கூடாது என்று சொல்லி அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கீழே கம்பெனி வேன் காத்திருந்தது. காலையில் அதே வேனில் அவளோடு விசாரணைக்கு வந்த பணிப்பெண்கள் அவளைக் கண்டதும் கேப்டனின் காரைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"வேற யாரும் வரலையா?" என்று கேட்டார் டிரைவர்.

"வரமாட்டாங்க. எடுங்க" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டாள்.