கொக்கி வரைந்த டப்பா

பென்னி இறந்துபோன செய்தி வந்தபோது நான் திருவொற்றியூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை. ராயபுரத்திலிருந்து மீன் கொண்டுவரும் லூர்து, கூடையைக்கூட இறக்காமல் சொன்னாள்: "நைனா, உன் தோஸ்து பென்னி பூட்டாருப்பா. தூங்கினவரு எய்ந்துக்கவே இல்லியாம்."

டீக்கடைக்காரர் உடனே கேட்டார்: "காளானா?"

வேறு எதையும் யாரும் கேட்கவில்லை. எனக்கும் அதுதான் தோன்றியது. அழுகை வரவில்லை. கை தானாக வயிற்றுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை பென்னி பறித்த காளானில் பாதி எங்கள் வீட்டில்தான் குழம்பானது. நானும் தின்றேன், என் மனைவி கன்னியம்மாவும் தின்றாள். இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொண்டாள். பென்னியை அறிந்த உங்களுக்கு இது புரியும். ஒழுங்காகப் பயப்பட எனக்குக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பென்னியோடு துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் இதை எழுதுகிறார். பார்த்ததும் கேட்டதும் மட்டும் எனக்கு மறப்பதில்லை.

நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். பென்னி டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைக் கணக்குப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு மழை நாளில் மரக்கட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கிரேன் தலைக்கு மேலே ஒரு கட்டுக் கட்டையைத் தூக்கி நிற்கிறது. கீழே இந்த ஆள் குந்திக்கொண்டு, இறக்கிவைத்த கட்டை ஒன்றை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். "யோவ் டாலி! சாவப் போறியா?" என்று கத்தி, சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் குந்தியிருந்த இடத்துக்கு மேலே கட்டைகள் ஆடிக்கொண்டு போயின. அவன் அதைப் பார்க்கவே இல்லை. "நைனா, இங்க பாரு. கப்பல்ல வந்த மரத்துல காளான் மொளச்சிகீது. இது எந்த ஊருதுன்னே தெரியல" என்றான்.

"தின்றதா?" என்று கேட்டேன்.

"தெரியாதது. தெரியாததைத் தொடலாம், மோந்து பாக்கலாம், பக்கத்துல குந்திப் பேசிகினு கூட இருக்கலாம். தின்னத்தான் கூடாது."

அன்றிலிருந்து நான் அவனுக்கு நைனா.

ராயபுரத்தில் அவன் வீட்டு மாடி அறை உங்களுக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் தட்டுத் தட்டாகக் காளான் காயும். எதிர்ப்பக்கம், ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர். "ஒரு பக்கம் நாய்க்குடை, ஒரு பக்கம் பொட்டி. நடுவுல கட்டினவ எங்க படுக்கறது?" என்பாள் அவன் மனைவி ஸ்டெல்லா. சம்பள வேலைக்குப் போக மீதிப் பொழுது முழுதும் இந்த இரண்டுக்கும்தான். மழை பெய்தால் காடு. காய்ந்தால் பொட்டி.

அந்தப் பொட்டிக்குள் அவன் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தான். சுடுவது, கார் ஓட்டுவது எதுவும் இல்லை. மழை பெய்கிறது, ஓர் ஆள் நடந்து போகிறான், காளான் பறிக்கிறான், குடிசைக்கு வந்து சமைத்துத் தின்கிறான். அவ்வளவுதான். அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. எழுத்துத் தெரியாதவனும் ஆடிப் பார்க்க வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிப்போய் அதன் முன்னால் உட்கார வைப்பான். அந்த ஆளின் தோளில் நான் மூட்டைக்கு மாட்டும் கொக்கியை வரைந்து வைத்திருந்தான். "நீதான் அது. நீ தப்பு பண்ணாத்தான் எனக்குப் புரோகிராம்ல ஓட்டை எங்ககீதுன்னு தெரியும்."

முதல் நாள் கண்ணில் பட்டதையெல்லாம் பறித்துத் தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. ஆள் தூங்கி எழுந்தான், தண்ணீர் மொண்டான், நடந்தான். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். அப்புறம் ஒரு நேரத்தில் பொட்டிக்குள் கத்திக்கொண்டிருந்த காக்கைச் சத்தம் நின்றது. வேறு எதுவும் மாறவில்லை. கொஞ்ச தூரம் போய், வாசல் பக்கத்தில் ஆள் சுருண்டு விழுந்தான்.

"தின்னப்பவே வுய வேண்டியதுதானே? இப்ப இன்னாத்துக்கு வுயறான்? மிஷின் பேஜாராயிடிச்சா?"

"மிஷின் நல்லாத்தான் கீது. வாந்தி எடுக்க வெக்கற காளான் பரவால்ல நைனா. அது சத்தம் போட்டுச் சொல்லிடுது. சும்மா கம்முனு கெடந்து, ரெண்டு மூணு நாள் கயிச்சு ஈரலைப் புடிக்குது பாரு, அதான் எமன்."

"அப்ப இன்னா பண்றது?"

"பறிச்சதுல ஒண்ணை ஆக்காம, வேரோட எடுத்து வெக்கணும். இன்னா தின்னான்னு டாக்டருக்குத் தெரிஞ்சாத்தான் அவரு வழி பாப்பாரு." விளையாட்டிலும் அதற்கு ஒரு டப்பா இருந்தது. அதில் ஒன்றைப் போட்டு வைத்தால் ஆள் பிழைப்பான். எனக்கு ஒவ்வொரு முறையும் மறந்துபோகும். நான் சாகும்போதெல்லாம் பென்னி சிரிப்பான். "நல்லா சாவு நைனா. நீ செத்துச் செத்துத்தான் என் கேம் தேறுது."

அதை சி.டி.யில் போட்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுத்தான். இரண்டு கடைகளில் வைத்தான், தூசிதான் படிந்தது. அவன் கவலைப்படவில்லை. "ஆடினவன் ஒருத்தனாவது அடுத்த மழைக்குக் கொஞ்சம் பயந்தான்னா போதும்" என்பான்.

காட்டுக்கும் அவனோடு போயிருக்கிறேன். எண்ணூர் வரை பஸ், அப்புறம் கழிமுகம் தாண்டிச் சவுக்குத் தோப்பு. காத்திவாக்கத்துப் பெண்கள் முட்டியளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டே கத்துவார்கள்: "இன்னா டாலி, கொடை புடுங்க வந்துட்டியா? மயைக்கு ஒண்ணு எனக்கும் குடு!" ஒருமுறை, அனல்மின் நிலையத்துச் சாம்பல் போகும் பைப் லைன் ஓரத்தில் ஒரு புற்று முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் குனிந்தேன். பென்னி என் கையைத் தட்டிவிட்டான்.

"புத்துக் காளான்தானே? மல்லிப்பூ மாதிரி கீதே."

"காளான் நல்லதுதான். மண்ணைப் பாரு." மண் சாம்பல் நிறத்தில் இருந்தது. "இந்த மண்ணு இன்னா குடிச்சிச்சோ, அதைத்தான் இதுவும் குடிச்சிருக்கும்."

தோப்புக்குள் நல்ல மண்ணில் நல்ல காளான் கிடைத்தபோதும் அவன் உடனே பறித்துவிடவில்லை. புற்றுக் காளானுக்கு அடியில் மண்ணுக்குள் நீளமாக வேர் இறங்கும். அதை அறுக்காமல் தோண்டி எடுப்பான். புரட்டிப் பார்ப்பான், மோந்து பார்ப்பான், திரும்பவும் பார்ப்பான். கத்தி பிடித்த விரல்கள் நடுங்கும்.

"இத்தினி வருசமா பறிக்கற. இன்னும் இன்னாய்யா நடுக்கம்?"

"நடுக்கம் நிக்கற அன்னிக்கு நான் காளானை வுட்டுடுவேன் நைனா."

இவ்வளவும் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, டீக்கடையிலிருந்து வீடு போகும் வழியில் எனக்குள் ஓடியது. நடுங்கின கையா தப்பு செய்திருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. அவனே தின்று அவனே போய்விட்டானே என்று இன்னொரு மனம் சொன்னது.

கன்னியம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பென்னி போய்விட்டான் என்பதை மட்டும் சொன்னேன். அரிவாள்மனையை விட்டு எழுந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "எம்மாம் நல்ல மனுசன். அவரு குடுத்த காளான் கொயம்பைச் சுண்ட வெச்சு நேத்துகூட தின்னேனே!"

அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "வயிறு எப்பிடி கீது ஒனக்கு?"

"சாவுச் செய்தி சொல்ட்டு வயித்தைக் கேக்கற? நல்லாத்தான் கீது."

நல்லாத்தான் கீது. பொட்டிக்குள் இருந்த ஆளும் நன்றாகத்தான் நடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன தின்றாய் என்பார்கள், அது பென்னி வீட்டில்தான் தெரியும் என்று அவளை ராயபுரம் பஸ்ஸில் ஏற்றினேன். வழியெல்லாம் அவள் முகத்தையே பார்த்தேன். கண் மஞ்சளாகிறதா, உதடு வெளுக்கிறதா? நடுநடுவே ஜன்னலுக்கு வெளியே காக்கைச் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். லாரி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ராயபுரத்தில் இறங்கியதும் மீன் வாடைக்குக் கூடியிருந்த காக்கைகள் தெருவே அதிரக் கத்தின. அதையும் என்னால் நம்ப முடியவில்லை.

பென்னியைக் கீழ் அறையில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மெழுகுவர்த்தி, நெஞ்சின் மேல் ஜெபமாலை. வாசலில் நின்றவர்கள் எல்லோர் வாயிலும் காளான்தான். நான் அவன் காலைத் தொட்டேன். ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிணத்தின் முன்னால் ஒரு பொம்பளையிடம் எப்படிக் கேட்பது? கேட்காமல் எப்படித் திரும்பிப் போவது? "அம்மா..." என்று மட்டும் சொன்னேன்.

"நீ வருவேன்னு தெரியும் நைனா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு பிளாஸ்டிக் டப்பா.

"நெஞ்சுதான் நைனா. நேத்து மாடி ஏறும்போதே நெஞ்சைப் புடிச்சிகினு நின்னாரு. வாயுன்னுட்டாரு, பாவி மனுசன். டாக்டரு வந்ததும் நான் மொதல்ல இதைத்தான் காட்டினேன். காட்டச் சொல்லித்தானே வெச்சிருந்தாரு. டாக்டரு நல்லா பாத்துட்டு, இதால இல்ல, இவருக்கு ரொம்ப நாளா நெஞ்சு கெட்டுகீதுன்னு சொன்னாரு."

"ரெண்டு டப்பா எதுக்கும்மா?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு புத்துல பறிச்சாராம். எங்க வூட்டுல ஆக்கினது ஒரு புத்து. ஒங்க வூட்டுக்கு வந்தது வேற புத்து. எப்பவும் இப்பிடித்தான். ஒங்களுதை ஒருநாளும் எங்களுதோட கலக்க மாட்டாரு."

ஒரு டப்பாவின் மூடியில் சிலுவை போட்டிருந்தது. இன்னொன்றில் ஒரு கொக்கி. என் மூட்டைக் கொக்கி. மேலே எழுதினால் எனக்குத் தெரியாது என்று வரைந்திருக்கிறான். மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு காளான், வாடியிருந்தது. அடியில் நீளமான வேர், மண் ஒட்டியபடி, அறுபடாமல் சுருண்டு கிடந்தது.

இத்தனை வருடமும் அவன் கொடுத்ததை வாங்கித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனவன் நான். எனக்காகவும் அவன் பயந்துகொண்டிருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கன்னியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். "அதான் காலைலேந்து என் மூஞ்சியையே பாத்துகினு வந்தியா? கெயவனுக்குத் திடீர்னு இன்னா ஆசைன்னு நான் நெனச்சிகினேன்." சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

காளான் கறுத்துப் பொடியானதும் மண்ணில் புதைத்துவிட்டேன். டப்பா என்னிடம் இருக்கிறது. மழைக்காலத்தில் யார் எது கொடுத்தாலும், சமைக்கும் முன் அதிலிருந்து கொஞ்சம் டப்பாவில் எடுத்து வைக்கிறேன். "வஞ்சிர மீனுக்கு எதுக்குய்யா டப்பா? கலீஜு பண்ணாதே" என்று கன்னியம்மா திட்டுவாள். எடுத்து வைக்கும்போது விரல் கொஞ்சம் நடுங்குகிறது. நடுங்கட்டும், பென்னி.