மூடக் கூடாத ஜாடி

எட்டு வயதில் எனக்கு ஒரு பெரிய குடும்ப ரகசியம் தெரிந்திருந்தது. சித்தியும் சித்தப்பாவும் பிரியப்போகிறார்கள். யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். போன வருடம் சித்தி கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் படுக்கையை விட்டு எழாமல் அழுதார். இந்த வருடம் சித்தப்பா பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டிலிருந்து தான் சாயம் அடிக்கும் ரோபோ பொம்மைகள், சாயங்கள், அதைப் பீய்ச்சும் ஏர்பிரஷ் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு எங்கள் கார் போர்ச்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். கேட்டால், "சித்திக்கு இந்த வாடை ஆகாதும்மா" என்றார். ஒரு வாடைக்காகவா குடும்பம் உடையும் என்று எனக்கு ஒரே குழப்பம்.

அந்தச் சனிக்கிழமை அவர், சாயத்துக்கு முன்னால் அடிக்கிற பிரைமர் ஸ்ப்ரே டின்னின் மூக்கில் ஒரு ஸ்ட்ராவைச் செருகி, பழைய ஊறுகாய் ஜாடிக்குள் மெதுவாகப் பீய்ச்சினார். டின்னிலிருந்து நேரே அடித்தால் தடிப்பாகப் படிந்து பொம்மையின் நுணுக்கமான கோடெல்லாம் அடைபட்டுவிடுமாம். ஏர்பிரஷ்ஷில் ஊற்றி அடித்தால் மெல்லிசாகப் படியுமாம். ஜாடிக்குள் சாம்பல் நிறத்தில் குமிழி குமிழியாகக் கொதித்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அடுப்பில்லாமல் கொதிக்கிற அந்தச் சமாச்சாரம் எனக்கு விளங்கவே இல்லை.

"உள்ள கேஸ் இருக்கு. முழுக்கப் போகட்டும், மூடிடாத லா" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா டீ குடிக்க உள்ளே போனார்.

சித்தி கொமுட்டர் ரயிலில் வந்துகொண்டிருக்கிறார் என்று அம்மா சொன்னது அப்போதுதான். எனக்குப் பகீரென்றது. வாடைதானே பிரச்சினை, வாடையை அடைத்துவிட்டால் தீர்ந்தது. ஜாடியின் மூடியை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கித் திருகினேன். ஒரு குடும்பத்தையே காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு.

திரும்பி வந்த சித்தப்பா, "ஐயோ, யாரு மூடுனது?" என்று மூடியைத் திருகியதுதான் தாமதம், புஸ்ஸென்று சீறிப் பொங்கியது. அவர் கன்னம், பனியன், பொம்மை, அப்பாவின் செருப்பு எல்லாம் சாம்பல். சரியாக அந்த நேரம் சித்தி கேட்டைத் திறந்தார். பதறிப்போய் உள்ளே ஓடிவரப் பார்த்தார்.

"கிட்ட வராத! அங்கேயே நில்லு!" என்று சித்தப்பா கத்தினார்.

கதை முடிந்தது என்று நான் ஓவென்று அழுதேன். "சித்திய வெரட்டாதீங்க சித்தப்பா, நான்தான் மூடுனேன்!"

யாரும் என்னை அடிக்கவில்லை. சித்தி கேட்டுக்கு வெளியிலேயே நின்று, வாயில் ஆசாம்போய் என்ற புளிப்பு உப்புப் பழத்தை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். அந்தச் சாம்பல் முகத்தோடு சித்தப்பாவும் சிரித்தார். சண்டை போட்டவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அம்மாவைக் கேட்டேன். "மூணு மாசம் முடியட்டும், சொல்றேன்" என்றார் அம்மா.

மூன்று மாதத்தில் தீர்ப்பு வரும் என்று எடுத்துக்கொண்டேன். தினமும் சாமி மேடை முன்னால் நின்று, அவர்களைப் பிரித்துவிடாதே என்று வேண்டினேன். சித்தி வயிற்றில் பிள்ளை இருந்ததும், மூன்று மாதம் தாண்டாமல் பெரியவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. போன வருடம் அந்த ஒரு வாரம் சித்தி எதை இழந்துவிட்டு அழுதார் என்பதும் தெரியாது.