எஸ்.ஐ. அம்மா பேசாமல் இருந்த பதினான்கு நாட்கள்

பஸ் ஸ்டாண்டில் கொடைரோடு போகும் பேருந்தை மறித்துக்கொண்டு ஒருவன் தகராறு செய்துகொண்டிருந்தான். நான் "ஏலே!" என்று ஆரம்பித்தேன். "ஏ" வந்தது. "லே" வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. அவன் திரும்பிப் பார்த்து, "என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா?" என்று அக்கறையாகக் கேட்டான். இருபது வருடப் போலீஸ் வாழ்க்கையில் எனக்கு அதைவிடப் பெரிய அவமானம் நேர்ந்ததில்லை.

என் பெயர் செல்வராணி. அனைத்து மகளிர் காவல் நிலையம் ஒன்றில் உதவி ஆய்வாளர். உள்ளே உட்கார்ந்து நான் ஏட்டம்மாவைக் கூப்பிட்டால், எதிர்க் கடையில் டீ ஆற்றுகிறவர் எழுந்து நிற்பார். அப்படிப்பட்ட குரல். தொண்டை கட்டியிருக்கிறது, மிளகுப்பால் குடித்தால் சரியாகிவிடும் என்று ஒரு மாதம் ஓட்டினேன். இதை வாசிக்கும் ஆசிரியர்களே, கண்டக்டர்களே, மார்க்கெட்டில் ஏலம் கூவுகிறவர்களே, அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மருத்துவர் லாரிங்கோஸ்கோபி (மெல்லிய குழாயில் கேமரா விட்டுத் தொண்டைக்குள் பார்ப்பது) செய்தார். குரல்நாண்களில் (தொண்டையில் இருக்கும் இரண்டு மெல்லிய மடிப்புகள், இவை அதிர்ந்தால்தான் குரல்) முடிச்சு விழுந்திருந்தது. புற்றுநோய் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"கத்திக் கத்திக் காய்ச்சுப் போயிருக்கு மேடம், மம்பட்டி புடிச்ச கை மாதிரி. பதினாலு நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல்."

"போன்ல?" என்றேன்.

"இப்பக் கேட்டீங்களே, இதுதான் கடைசி" என்றார்.

என் கணவர் பேகம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ஒரு வாக்கியத்தையும் அவர் முழுசாக முடித்ததில்லை. அந்த வாரம் பாக்கி இருந்த எல்லாவற்றையும் முடித்தார். "செல்வி, ஒன் சாம்பார்ல உப்பு கம்மின்னு பத்து வருசமாச் சொல்லணும்னு இருந்தேன்" என்றார். நான் கரண்டியைத் தூக்கிக் காட்டினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்துக்கும் உப்பு கம்மி என்றார்.

மருத்துவ விடுப்பு எடுக்க வழியில்லை. இன்னோர் எஸ்.ஐ. பிரசவ விடுப்பில் இருந்தார். ஆகவே குழந்தைகள் எழுதி, தாளைத் தூக்கினால் அழிந்துபோகும் மேஜிக் சிலேட் ஒன்றை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் என் காதருகே வந்து கத்தினார்கள்.

மனைவியை அடித்துவிட்டு வந்து நின்ற ஒரு ஆளுக்கு, சிலேட்டில் இரண்டு எழுத்தில் என் கருத்தை எழுதிக் காட்டினேன். அவருக்குக் கண்ணாடி இல்லை. ஏட்டம்மா வாங்கிப் படித்து, "அண்ணே, ஒங்கள நாயேங்குறாங்க" என்றார், மிக மரியாதையாக. "சரிங்கம்மா" என்று அந்த ஆளும் தலையாட்டினார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த லட்சணத்தில்தான் அந்தக் குழந்தையின் வழக்கு கையில் இருந்தது. பெயர், ஊர் சொல்ல மாட்டேன், சட்டம் அப்படி. எட்டு வயது. பூந்தோட்டக் குடும்பம். வீட்டுக்கு வேண்டிய ஒருவர் அவளிடம் தப்பாக நடப்பதாக வகுப்பு டீச்சருக்குச் சந்தேகம் வந்து புகார் கொடுத்திருந்தார். அதற்கு மேல் இங்கே வேண்டாம். அவள் மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லாவிட்டால் வழக்கு நிற்காது, அந்த ஆள் அதே தெருவில் நடமாடிக்கொண்டிருப்பான்.

எங்கள் ஊரில் குழந்தைகளுக்கான உதவி மையம் ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் குழந்தையை ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று அலைக்கழித்து எல்லோரும் கேட்போம். இப்போது அந்த மையத்தில் ஓர் அறை. ஆற்றுப்படுத்துநர் (குழந்தையோடு பேசப் பயிற்சி பெற்றவர்) ஒருவர்தான் கேட்பார். போலீஸ்காரர் சீருடை போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து வாக்குமூலத்தை எழுதிக்கொள்வார். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதி அவரிடம் நீட்ட வேண்டும்.

நான் ஒரு நாளும் சீட்டு எழுதியதில்லை. நேராகவே கேட்டுவிடுவேன். போன வருடம் ஒரு வழக்கில், டீச்சர் கேட்டு, தாய்மாமன் கேட்டு, ஊர்ப் பெரியவர்கள் கேட்டு, கடைசியாக நானும் என் குரலில் கேட்டேன். பயந்துபோன குழந்தை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகச் சொன்னது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வித்தியாசங்களை நிதானமாக வாசித்துக் காட்டினார். வழக்கு போனது. ஆற்றுப்படுத்துநர் ஜெசிந்தா அதன் பிறகு பல நாள் என்னிடம் பேசவில்லை.

அவரிடம் சிலேட்டைக் காட்டினேன். படித்துவிட்டு மேலே பார்த்துச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"பதினாலு நாளா மேடம்? நெசமாவா? மாதா கோயிலுக்கு மெழுகுதிரி வாங்கி வைக்கிறேன்."

குழந்தை ஏற்கெனவே இரண்டு தடவை வந்து, வாயே திறக்காமல் போயிருந்தாள். மூன்றாவது தடவை நான் ஒரு நைந்த சுடிதாரில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவள் அம்மா வெளி அறையில் இருந்தார். குழந்தை சடை நுனியைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் ஜெசிந்தாவுக்கு ஏதோ எழுதிக் காட்டிவிட்டு, தாளைத் தூக்கி அழித்தேன். அவள் எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"ஆன்ட்டி ஏன் பேச மாட்றாங்க?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். நான் எழுதினேன்: 'பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.' டாக்டர் என்ற சொல்லை எழுத மறந்துபோனேன். அவசரத்தில் செய்த அந்தத் தப்பைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்: "பேசுனா ஒங்க அம்மாவையும் கொன்னுருவேன்னாரா?"

என் தொண்டைக்குள் பத்துக் கேள்விகள் ஒன்றாக ஏறி வந்தன. யார் சொன்னான், எப்போது சொன்னான், எங்கே வைத்துச் சொன்னான். பழைய செல்வராணியாக இருந்திருந்தால் எதிர்க் கடை டீக்காரர் எழுந்து நின்றிருப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, 'இல்லம்மா, டாக்டர்தான். தொண்டையில புண்ணு' என்று மட்டும் எழுதினேன்.

ஜெசிந்தா மெதுவாக, "கொன்னுருவேன்னு சொன்னதப் பத்திச் சொல்றியாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

குழந்தையும் சும்மா இருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம். இரண்டு. நாலு நிமிடம் ஆனது. என் வாழ்க்கையில் கேள்வி கேட்டுவிட்டு நாலு விநாடி காத்திருந்ததில்லை. பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். என் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, தாளைத் தூக்கித் தூக்கி விட்டபடி, முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். நான் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே என் நோட்டில் எழுதினேன். எழுதும்போது கண் நிறைந்து எழுத்து தெரியவில்லை. இத்தனை வருடத்தில் என் சத்தம் எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்ததோ என்று வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமே அவனைப் பிடித்தோம். ஏட்டம்மாதான் கைது செய்தியை அவனுக்குச் சொன்னார். இந்த முறை அவரும் மரியாதை கொடுக்கவில்லை. பிறகு மாஜிஸ்திரேட் முன்னும் குழந்தை மாறாமல் அதையே சொன்னாள். வழக்கு நடக்கிறது.

வாக்குமூலம் கொடுத்த அன்று மையத்திலிருந்து கிளம்பும்போது அவள் எனக்கு ஒரு கட்டளை போட்டிருந்தாள். "குரல் வந்ததும் மொதல்ல எம் பேரத்தான் சொல்லணும்." சத்தியம் செய்து கொடுத்தேன்.

பதினைந்தாம் நாள் மருத்துவர், "எங்க, 'ம்ம்'னு ஆரம்பிங்க" என்றார். நான் 'நாளைக்கு' என்று எழுதிக் காட்டினேன். "பதினாலு நாளு சும்மா இருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். இப்பப் பேசுங்கன்னா மாட்டேங்குறீங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் அவள் மையத்துக்கு வரும் நாள்.

இப்போது எனக்கு வேறு குரல். தணிந்தது, கொஞ்சம் கரகரப்பு. குரல் பயிற்சி (மூச்சை இழுத்து, கத்தாமல் பேசப் பழகுவது) தொடர்கிறது. தொண்டை என்று ஓர் உறுப்பு இருப்பதே இப்போதுதான் தெரிகிறது, விலைக்கு வாங்கிய சாமான் போலப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்கிறேன். யாரிடமாவது ஏதாவது கேட்டால் பதில் வரும்வரை காத்திருக்கிறேன். கணவர் இதைப் பயன்படுத்திக்கொள்கிறார்.

அந்தப் பதினாறாம் நாள், மையத்து அறையில் அவள் பெயரைச் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

அவள் முகத்தைச் சுளித்தாள். "கேக்கவே இல்ல ஆன்ட்டி. செத்த சத்தமாச் சொல்லுங்க."

என்னிடம் சத்தமாகச் சொல்லச் சொன்ன முதல் ஆள் அவள்தான். ஆனால் மருத்துவர் விதித்த அளவுக்கு மேல் நான் போகவில்லை. அதே குரலில் இன்னொரு தடவை சொன்னேன். அவள் எழுந்து, பக்கத்தில் வந்து, என் வாயருகே காதை வைத்துக் கேட்டாள்.