பேண்டுக்காரர்கள் லோடா?

நியேவெஸ் அக்காவைப் பற்றிச் சொன்னால் என் யோக்கியதையையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும். புருஷன் சுரங்கத்தில் செத்தபின் அவன் ஸ்பானர்களை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் படுத்தவள். பதினெட்டு வருஷமாக எங்கள் சல்லபட்டா ஊரில் லாரிகளின் பின் அச்சுப் பல்சக்கர ஜோடியை, அதாவது கிரவுன் பினியனை, மாற்றுகிறாள். ஆம்பிளைகள் முணுமுணுத்துக்கொண்டே அவளிடம் போனதற்கு ஒரே காரணம், அவள் மாட்டிய பல்சக்கரம் திரும்பி வந்ததே இல்லை.

என் வண்டிக்குப் புதுசு போட்டதும் விரலை நீட்டிச் சொன்னாள்:

"இருபது நிமிஷம் ஓட்டு, நிறுத்து. பல்சக்கரம் இருக்குற ஹவுசிங்ல கை வச்சா சுடக்கூடாது, அதுவரைக்கும் ஆற விடு. அப்படி மூணு தடவை. எண்ணூறு கிலோமீட்டருக்கு லோடு ஏத்தாத. அப்புறம் ஆயில மாத்து. பல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பழகணும்டா, பசிலியோ."

"சரிக்கா."

மூன்றாம் நாள் மலைமேல் கில்லாகஸ் சாமி திருவிழா. பேண்டுக்காரர்களை ஏற்றிப்போவதாக நேர்ந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊர் லாரிக்காரனுக்கு லோடு என்றால் கீன்வா தானிய மூட்டை, சிமெண்டு. ஆட்களை யார் லோடில் சேர்ப்பார்கள், அதுவும் சாமி காரியத்தில்? முப்பத்தாறு பேர், ட்யூபா, முரசு, பீர்ப் பெட்டிகள். ஏற்றத்தில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தது. பேண்டு சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். உச்சிக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. பேண்டுக்காரர்கள் திட்டிக்கொண்டே நடந்தார்கள்.

வண்டியை இழுத்து வந்ததும் அக்கா ஹவுசிங்கைத் திறந்து பார்த்தாள். பற்கள் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தன.

"லோடு ஏத்தினியா?"

"ஒரு மூட்டகூட ஏத்தலக்கா. சத்தியமா."

மூட்டை ஏற்றவில்லைதானே என்று மனசுக்குள் சமாதானம் வேறு. அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தாள். "அப்போ பல்லுக்குப் பல்லு நான் வச்ச இடைவெளிதான் தப்பு" என்றாள். பட்டறையில் நின்ற டிரைவர்கள் காதில் அது விழுந்தது.

போன மாதம் மாட்டிக்கொடுத்த இரண்டு வண்டிகளைக் கூப்பிட்டுக் கழற்றி மறுபடி அளந்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், உண்மையைச் சொல்லவில்லை. தூ, நானும் ஒரு மனுஷன்.

இருபது நாள் கழித்து, எனக்கு வேறு பினியன் மாட்டி, இந்தத் தடவை அவளே ஓட்டினாள். இரண்டாவது தடவை நிறுத்தி ஆற விட்டபோது லாமாக் கறி உப்புக்கண்டத்தைப் பிய்த்து, பெரிய துண்டை என்னிடம் நீட்டினாள். அதற்கு மேல் தாங்கவில்லை.

"அக்கா, அன்னைக்கு பேண்டுக்காரங்கள ஏத்தினேன்."

மெல்லுவதை நிறுத்தினாள். "எத்தன பேரு?"

"முப்பத்தாறு."

"இருபது நாளா இந்தக் கையத் திட்டிக்கிட்டு இருந்தேன்டா, பாவி" என்றாள். அப்புறம் எழுந்து போய் ஹவுசிங்கைத் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லாரி டிரைவர்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொல்லென்று சிரித்தார்கள்.

"ஆளுங்க எப்படா லோடானாங்க? பேண்டு ஊதினா வண்டி லேசாத்தானே ஆகும்!"

"பொம்பள கை, அளவு தப்பிருக்கும். இவன் பாவம் பாக்குறான்" என்றார் தலைவர்.

தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவனும் கேட்கவில்லை. பொய் சொன்ன என்னை ஒரே நிமிஷத்தில் மன்னித்துவிட்டார்கள். செய்யாத தப்புக்கு அவளை இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது அவள் பட்டறையில் பெரும்பாலும் என் வண்டி ஒன்றுதான் நிற்கிறது. லாரிக்கு அடியிலிருந்து நீளும் கையில் ஸ்பானரை வைக்கிறேன். லோடு ஏற்றினாயா என்று அவள் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

"எத்தன பேர ஏத்தின?" என்றுதான் கேட்கிறாள்.